ஒரு தொழிற்சாலை, ஒரே பேரேடு

சிறு கடையின் கணக்கைக் கடைக்காரர் தம் நினைவிலேயே வைத்துக்கொள்ள இயலும். ஆயிரக்கணக்கான பொருள்கள் வந்துபோகும் தொழிற்சாலையின் கணக்கை அவ்வாறு வைத்துக்கொள்ள இயலாது. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எது எப்போது வேண்டும், யாருக்கு எவ்வளவு பணம் தரவேண்டும் என்பனவற்றை அங்கே பல பிரிவினர் பல ஏடுகளில் எழுதிவந்தனர். அவ்வேடுகள் அனைத்தையும் ஒன்றாக்கும் முயற்சியே தொழிற்சாலைகளில் இன்று காணப்படும் ஒருங்கிணைந்த கணினி அமைப்பு. அம்முயற்சி தோன்றிய வரலாற்றையும், அது இயங்கும் முறையையும், தவறும் இடங்களையும் இப்பாடத்தில் காண்போம்.

ஒரு வினா, மூன்று விடைகள்

நீரேற்றும் பம்புகளுக்குப் பெயர்பெற்ற நகரம் கோயம்புத்தூர். அங்குள்ள ஒரு தொழிற்கூடத்திடம் வணிகர் ஒருவர் 200 மோனோபிளாக் பம்புகள் கேட்கிறார் எனக் கொள்வோம். எந்த நாளில் கிடைக்கும் என்பதே அவருடைய வினா. கேட்பதற்கு எளிய இவ்வினாவிற்கு விடை கூற விற்பனைப் பிரிவினர் தொழிற்கூடம் முழுவதையும் சுற்றிவர வேண்டியிருக்கும்.

பம்பின் உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் பாகம் இம்பெல்லர். எத்தனை இம்பெல்லர்கள் கையிருப்பில் உள்ளன என்று சரக்கறையில் கேட்டால், ஏட்டைப் புரட்டி, 100 என்பார்கள். தர ஆய்வுப் பிரிவில் கேட்டால், அவற்றுள் 10 ஆய்வில் தேறாதவை; திருப்பி அனுப்புவதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்; ஆகவே 90 என்பார்கள். உற்பத்திப் பிரிவின் மேற்பார்வையாளரோ, அந்த 90இல் 40 முன்னரே வந்துள்ள வேறோர் ஆணைக்கு உரியவை. எஞ்சியவை 50தான் என்பார். இவர்களுள் பொய் கூறியவர் எவருமிலர். ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டில் உள்ளதை உள்ளவாறே கூறினர். ஆயினும் ஒரே வினாவிற்கு மூன்று விடைகள் கிடைத்துவிட்டன.

இத்தகைய இடத்தில் மனிதர் இயல்பாகச் செய்வது ஒன்றுண்டு. ஐயம் எழும்போதெல்லாம் சற்றுக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வர். உற்பத்திப் பிரிவினர் பத்து விழுக்காடு கூட்டிக் கேட்பர். சரக்கறையினர் அதன்மேல் மேலும் பத்து விழுக்காடு கூட்டுவர். கொள்முதல் பிரிவினர் விலை குறைகிறது என்று மொத்தமாக வாங்குவர். வங்கிக் கடனில் நடக்கும் தொழிற்கூடத்தில், அலமாரியில் உறங்கும் ஒவ்வோர் இரும்புத் துண்டுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இவ்வளவு வாங்கிக் குவித்தும், தேவையான நாளில் ஒரு பேரிங் இல்லாமற்போகும். மற்றெல்லாப் பாகங்களும் இருந்து பேரிங் மட்டும் இல்லையெனில் அங்கிருப்பது பம்பு அன்று, பாகங்களின் குவியலே.

பாகங்களின் பட்டியல்

ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தால் மோட்டார் ஒன்றும் நீர் தள்ளும் பகுதி ஒன்றும் கிடைக்கும். மோட்டாரை மேலும் பிரித்தால் ஸ்டேட்டர், ரோட்டார், தண்டு, இரண்டு பேரிங்குகள் ஆகியன கிடைக்கும். ஸ்டேட்டரை இன்னும் பிரித்தால் அடுக்கடுக்கான மெல்லிய எஃகுத் தகடுகளும் செப்புக் கம்பிச் சுருள்களும் கிடைக்கும். ஒரு மரம் கிளைகளாகவும் கிளைகள் கொம்புகளாகவும் பிரிவதுபோல ஒவ்வொரு பொருளும் தன் பாகங்களாகப் பிரிகிறது. இம்மரத்தை எண்ணிக்கையுடன் எழுதிவைத்தால் அதுவே அப்பொருளின் பாகப்பட்டியல்.

தொழிற்சாலைக்குத் தேவையான பொருள்களுள் இரு வகை உண்டு என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஜோசப் ஆர்லிக்கி. எத்தனை பம்புகள் விற்கும் என்பதைச் சந்தை முடிவு செய்கிறது. அதை நாம் முன்கணிக்க மட்டுமே இயலும். எத்தனை இம்பெல்லர்கள் வேண்டும் என்பதை முன்கணிக்க வேண்டிய தேவையே இல்லை. பம்புகளின் எண்ணிக்கை தெரிந்துவிட்டால் இம்பெல்லர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிடலாம். முன்னது சார்பற்ற தேவை. பின்னது சார்புத் தேவை. கணக்கிடக்கூடிய ஒன்றைக் குத்துமதிப்பாக வாங்கிவைப்பது வீண் என்பது ஆர்லிக்கியின் வாதம். 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கணினிவழி நடைமுறைக்கு வந்த இம்முறையைப் பற்றி 1975இல் அவர் ஒரு நூலும் எழுதினார். மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் என்பது இம்முறையின் பெயர்.

நம் 200 பம்புகளுக்கு அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பம்புக்கு ஓர் இம்பெல்லர் வீதம் தேவை 200. உண்மையில் பயன்படுத்தக்கூடிய இருப்பு 50. எனவே 150 வேண்டும். வார்ப்பில் நூற்றுக்கு ஐந்து பழுதாகும் எனின், 150 நல்லவை கிடைக்க 158 வார்க்க வேண்டும். இனி, நாள் கணக்கு. பம்புகளை 30ஆம் நாள் இறுதியில் அனுப்ப வேண்டும். இணைத்துச் சோதிக்க 4 நாள், கடைசலுக்கு 5 நாள், வார்ப்புக்கு 10 நாள் ஆகும் எனில், பின்னோக்கி எண்ணி வரும்போது வார்ப்பாலைக்கு 11ஆம் நாளுக்குள் ஆணை சென்றிருக்க வேண்டும் என்பது தெரியும். இதில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய கணிதம் எதுவுமில்லை. ஆனால் நூறு வகைப் பம்புகள், ஒவ்வொன்றிலும் பல பத்துப் பாகங்கள், நாள்தோறும் மாறும் ஆணைகள் எனப் பெருகும்போது, காகிதமும் பென்சிலும் கொண்டு ஒரு முறை கணக்கிட்டு முடிப்பதற்குள் அக்கணக்கு பழையதாகிவிடும். கணினி இங்கேதான் தேவைப்பட்டது.

பொருள்களைக் கணக்கிட்டவர்கள் அடுத்து எந்திரங்களின் நேரத்தையும் கணக்கில் சேர்த்தனர். 158 இம்பெல்லர்கள் வேண்டும் என்று கூறினால் போதுமா? அவற்றைக் கடைவதற்கு எந்திரம் ஓய்வாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமல்லவா? பின்னர் ஆள்களின் நேரம், பணம், விற்பனை ஆகியனவும் சேர்ந்தன. இவ்வாறு விரிந்த அமைப்புக்கு 1990இல் கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனம் எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங் என்று பெயரிட்டது. ஈ.ஆர்.பி. என்பது அதன் சுருக்கம். நிறுவன வளத் திட்டமிடல் எனத் தமிழில் வழங்குகிறோம்.

தெரிந்து தெளிவோம்

வணிகக் கணக்குக்காகக் கணினியை முதன்முதலில் நாள்தோறும் பயன்படுத்திய நிறுவனம் ஒரு தேநீர்க்கடை நிறுவனம் என்பது வியப்புக்குரிய செய்தி. இங்கிலாந்தில் பல ஊர்களில் தேநீர்க்கடைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பின்பற்றித் தனக்கென லியோ என்னும் கணினியை உருவாக்கிக்கொண்டது. 1951 நவம்பரில் அது ஏற்ற முதற்பணி, தன் அடுமனையில் உருவான ரொட்டி, கேக் முதலியவற்றின் மதிப்பைக் கணக்கிடுவது.

ஒருமுறை எழுதினால் போதும்

கணினி வந்தவுடன் ஏடுகள் ஒன்றாகிவிடவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு பிரிவும் தனக்கெனத் தனி நிரல் எழுதிக்கொண்டது. சம்பளக் கணக்கு ஒரு நிரலில். சரக்கறைக் கணக்கு மற்றொன்றில். காகித ஏடுகள் ஐந்து இருந்த இடத்தில் கணினி ஏடுகள் ஐந்து வந்தன, அவ்வளவே. மேலும், பகலில் நடந்தவற்றைத் துளையட்டைகளில் பதிந்து, அவற்றை மொத்தமாகக் கணினிக்குள் செலுத்தி, பின்னரே விடை பெற முடிந்தது. காலையில் மேலாளர் காண்பது நேற்றைய தொழிற்சாலையை!

ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஐந்து பொறியாளர்கள் அங்கிருந்து விலகி 1972இல் சேப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஹாசோ பிளாட்னர், டீட்மார் ஹோப் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்ரிங்கன் என்னும் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. நைலான் இழைத் தொழிற்சாலை. தமக்கெனக் கணினி வாங்க வசதியில்லாத அவ்வைவரும் வாடிக்கையாளரின் கணினியிலேயே நிரல்களை எழுதினர். நிகழ்வது நிகழும்போதே பதிவாக வேண்டும். ஒரு பிரிவு பதிந்ததை எல்லாப் பிரிவுகளும் காண வேண்டும் என்பன அவர்கள் கொண்ட இரு நோக்கங்கள். 1992இல் அவர்கள் வெளியிட்ட ஆர்-3 என்னும் பதிப்பு உலகெங்கும் பரவியது. அதன் பெயரில் உள்ள ஆர் என்னும் எழுத்து, நிகழ்நேரம் எனப் பொருள்படும் ரியல்டைம் என்பதன் முதலெழுத்து.

இத்தகைய அமைப்பு உள்ள தொழிற்கூடத்தின் வாயிலில் ஒரு சரக்குந்து வந்து நிற்கிறது. பேரிங்குகள் வந்திருக்கின்றன. சரக்கறைப் பணியாளர் அவற்றை எண்ணிப் பார்த்து, கொள்முதல் ஆணையின் எண்ணை இட்டு, 980 என்று ஒரு முறை பதிகிறார். அதே நொடியில் சரக்கறையின் இருப்பு 980 கூடுகிறது. ஆய்வு செய்யவேண்டிய பொருள் வந்துள்ளது எனத் தர ஆய்வுப் பிரிவுக்குத் தெரிகிறது. 1000 கேட்டிருந்தோம், இன்னும் 20 வரவேண்டும் எனக் கொள்முதல் பிரிவுக்குத் தெரிகிறது. பேரிங் இன்றி நின்றிருந்த வேலையை இனித் தொடங்கலாம் என உற்பத்திப் பிரிவுக்குத் தெரிகிறது. விற்றவருக்கு இவ்வளவு தொகை தரவேண்டும் எனக் கணக்குப் பிரிவின் பேரேட்டில் ஏறுகிறது. பின்னர் விற்றவரிடமிருந்து 1000 பேரிங்குகளுக்கு விலைப்பட்டியல் வந்தால், கேட்டது 1000, வந்தது 980, பட்டியல் 1000 என மூன்றையும் ஒப்பிட்டு, பணம் செல்லாதவாறு அமைப்பே தடுத்து நிறுத்துகிறது. முன்பு இவ்வொப்பீட்டைச் செய்யக் கணக்கர் ஒருவர் மூன்று கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். வேலை மிகுந்த நாளில் தேடாமலும் விட்டுவிடுவார்.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். அதே பணியாளர் 980 என்பதற்கு மாறாக 9800 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? பழைய முறையில் அப்பிழை ஓர் ஏட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். மற்ற ஏட்டுக்காரர் எவரேனும் அதைக் கண்டு வினவவும் கூடும். புதிய முறையில் அப்பிழை எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே நொடியில் சென்று சேரும். பேரிங் மிகுதியாக இருப்பதாகக் கருதிக்கொண்டு அமைப்பு புதிய ஆணை எதையும் முன்மொழியாது. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அலமாரி வெறுமையாக இருக்கும். திரையிலோ எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேரிங்குகள் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைத் திரைச் சுரைக்காய்க்கும் பொருத்திக்கொள்ளலாம்.

மிட்டாய் இருந்தும் கடைக்குச் சேரவில்லை

இவ்வமைப்பை மேற்கொண்டு இடர்ப்பட்ட நிறுவனங்களுள் பரவலாக அறியப்பட்டது அமெரிக்காவின் ஹெர்ஷி. பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லேட் செய்யும் பெருநிறுவனம் அது. 1996இல் தன் பழைய நிரல்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு ஒருங்கிணைந்த அமைப்புக்கு மாற முடிவு செய்தது. அக்காலத்தில் பல நிறுவனங்கள் இவ்வாறு முடிவெடுத்தமைக்குப் பொதுவான ஒரு காரணம் உண்டு. பழைய நிரல்கள் ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டுமே எழுதின. 2000ஆம் ஆண்டு பிறந்தால் 00 என்பதை 1900 எனக் கொண்டு கணக்கைக் குலைத்துவிடும் என்ற அச்சம் எங்கும் நிலவியது.

ஹெர்ஷி ஒன்றல்ல, மூன்று மென்பொருள்களை ஒருசேர நிறுவியது. உற்பத்திக்கும் கணக்குக்கும் சேப். விநியோகத் திட்டமிடலுக்கு மேனுஜிஸ்டிக்ஸ். வாடிக்கையாளர் தொடர்பான பணிகளுக்கு சீபெல். மொத்தச் செலவு 11 கோடியே 20 இலட்சம் டாலர். இப்பணிக்கு 48 மாதங்கள் வேண்டும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டுக்கு முன் முடித்தாகவேண்டும் என்பதால் 30 மாதங்களில் முடிக்க நிறுவனம் கட்டளையிட்டது. 1999 ஏப்ரலில் இயங்கத் தொடங்க வேண்டிய அமைப்பு, பணி முடியாமையால் ஜூலைக்குத் தள்ளிப்போனது.

அந்த மூன்று மாதத் தாமதத்தின் பொருளை உணர அமெரிக்காவின் ஹாலோவீன் பண்டிகையைப் பற்றி அறியவேண்டும். அக்டோபர் 31 அன்று சிறுவர்கள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறுவர். நம் ஊர் இனிப்பகங்களுக்குத் தீபாவளி எத்தகையதோ, அமெரிக்க மிட்டாய் நிறுவனங்களுக்கு அப்பண்டிகை அத்தகையது. அதற்கான ஆணைகள் கடைகளிலிருந்து ஜூலை முதலே குவியத் தொடங்கும். ஆண்டின் நெருக்கடி மிகுந்த காலத்தில், மூன்று புதிய மென்பொருள்களும் ஒரே நேரத்தில், அவற்றை இன்னும் கற்று முடிக்காத பணியாளர்களின் கையில் இயங்கத் தொடங்கின. அறுவடை நாளில் ஏரையும் மாட்டையும் வண்டியையும் ஒருசேர மாற்றிய உழவரின் நிலை என்று இதனைக் கூறலாம்.

கடைகளின் ஆணைகள் கிடங்குகளைச் சென்று சேரவில்லை. சேர்ந்தவையும் குறைபட்டுச் சேர்ந்தன. மிட்டாய் இல்லாமல் இல்லை. கிடங்குகளில் இருந்தது. 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆணைகளை நிறைவேற்ற இயலாமற்போனது. அக்காலாண்டின் இலாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 19 விழுக்காடு குறைந்தது.

இதற்குப் பின்னர்க் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று நம் கவனத்திற்கு உரியது. பண்டிகைக்கு முன்னர் உற்பத்தி பெருகும்போது, முறையான கிடங்குகள் நிறைந்துவிடும். அப்போது பணியாளர்கள் தொழிற்சாலையில் கிடைக்கும் காலி இடங்களிலெல்லாம் மிட்டாய்ப் பெட்டிகளை அடுக்குவது வழக்கம். எது எங்கே அடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய முறையில் அது போதுமானதாகவும் இருந்தது, கேட்டால் சொல்வார்கள். ஆனால் புதிய அமைப்பு எவரையும் கேட்காது. அவ்விடங்கள் சேமிப்பிடங்களாக அதில் பதியப்படவில்லை. ஆகவே அங்கிருந்த மிட்டாய்களைப் பொறுத்தவரை, அவை உலகிலேயே இல்லை என்பது அதன் முடிவு.

இதைப் படிப்போர், கணினியின் குறையென எளிதில் கூறிவிடக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. பல ஆண்டுகளாக அத்தொழிற்சாலையைத் தாங்கிய அறிவின் ஒரு பகுதி எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் பணியாளர்களின் மனத்தில் இருந்தது. அமைப்பை வடிவமைத்தவர்கள் எழுதப்பட்டதை மட்டுமே தொழிற்சாலை என எண்ணிக்கொண்டனர். அதே ஹெர்ஷி 2002இல் அம்மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியபோது, போதிய சோதனைகளைச் செய்து, ஓராண்டுக்குள்ளும் மதிப்பிட்ட செலவுக்குள்ளும் அப்பணியை முடித்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய அமைப்புகள் பெருந்தொழிற்சாலைகளில் 1990களில் பரவத் தொடங்கின. அவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலையே இருந்த அக்காலத்தில், சென்னையில் ராம்கோ குழுமத்தினர் மார்ஷல் என்னும் ஈ.ஆர்.பி. மென்பொருளை உருவாக்கி வெளியிட்டனர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. சிறு நிறுவனங்கள் நெடுங்காலம் கணக்கு மென்பொருளோடு நின்றுகொண்டன.

அண்மைக் காலத்தில் சிறு நிறுவனங்களையும் இவ்வழியில் செலுத்தியது வரி முறையே எனலாம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. விற்றவர் பதிந்த விலைப்பட்டியலும் வாங்கியவர் காட்டும் கணக்கும் பொருந்த வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைக் கடந்த நிறுவனங்களுக்கு 2020 அக்டோபர் முதல் கட்டாயமான மின்னணு விலைப்பட்டியல், படிப்படியாக விரிந்து, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாயைக் கடந்தவற்றுக்கும் கட்டாயமாயிற்று. விற்பனைக் கணக்கு இவ்வாறு கணினிக்குள் வந்துவிட்டது. சரக்கறைக் கணக்கு அதன் பின்னே வரவேண்டியதாகிறது; அங்கேதான் கடினமான பணி தொடங்குகிறது.

சரக்கறையில் தொடங்கும் பணி

மென்பொருளை வாங்க ஒரு காசோலை போதும். அதற்குத் தேவையான உண்மைகளைத் திரட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகும். முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் வேண்டும். ஒரே இம்பெல்லரை வார்ப்பாலையினர் அச்சின் எண்ணாலும், இணைப்புப் பிரிவினர் பம்பு வகையின் பெயராலும், கொள்முதல் பிரிவினர் வரைபட எண்ணாலும் அழைத்து வந்திருப்பர். மூன்று பெயர்களும் மூன்று பொருள்களாகப் பதிவானால், ஒன்று தீர்ந்துவிட்டது எனக் கருதி வாங்கும்போது மற்ற இரு பெயர்களில் அதே பொருள் கிடந்து துருப்பிடிக்கும்.

அடுத்தது அளவை. போல்ட்டுகளை வாங்குவது கிலோக் கணக்கில். பயன்படுத்துவது எண்ணிக்கைக் கணக்கில். செப்புக் கம்பியை எடையில் வாங்குகிறோம். சுற்றுபவரோ சுற்றுகளை எண்ணுகிறார். ஒரு கிலோவுக்கு எத்தனை போல்ட்டுகள் என்பதை எவரேனும் நிறுத்துப் பார்த்து எழுதித் தரவேண்டும். இப்பணி சிறப்பானதாகத் தோன்றாது. ஆயினும் இதில் நேரும் பிழை, நாள்தோறும் பெருகிக்கொண்டே செல்லும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கணிதப் பாடத்தில் நீங்கள் கற்ற நிகழ்தகவே அது. சரக்கறையில் எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் பதிவு உண்மையோடு பொருந்தும் வாய்ப்பு 95 விழுக்காடு எனக் கொள்வோம். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலிவர் வைட் வகுத்த முறையில், சரக்கிருப்புப் பதிவுக்குக் கோரப்படும் குறைந்த அளவும் இதுவே. ஒரு பம்புக்குப் பத்துப் பாகங்கள் வேண்டுமெனில், பத்தின் பதிவும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.95ஐப் பத்து முறை பெருக்கக் கிடைப்பது. விடை ஏறத்தாழ 60 விழுக்காடு. இருபது பாகங்கள் எனில் 36 விழுக்காடுதான். தேர்வில் 95 மதிப்பெண் நமக்கு மகிழ்ச்சி தரும். சரக்கறையில் அதே 95, இருபது பாகங்கள் கொண்ட பொருளைப் பொறுத்தவரை, மூன்றில் இரண்டு முறை தவறும். பதிவின் துல்லியத்தை 99 ஆக உயர்த்தினால் அந்த 36, 82 ஆகிறது.

எல்லாவற்றையும் எண்ணத்தான் வேண்டுமா என்ற வினாவும் நியாயமானதே. சிறு போல்ட்டுகளை இரு பெட்டிகளில் வைத்து, ஒன்று காலியானவுடன் அப்பெட்டியில் உள்ள அட்டையை அனுப்பினால் புதியவை வந்து சேரும், கணினி வேண்டியதில்லை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பன் முறையும் அட்டைகளைக் கொண்டு இயங்கியதே. மலிவான பொருளுக்கு விலையுயர்ந்த கணக்கு எழுதுவதை நல்ல தொழிற்கூடங்கள் தவிர்க்கின்றன. விலை மிகுந்த செப்புக் கம்பியையும் பேரிங்கையும் அடிக்கடி எண்ணுகின்றன.

பழைய சரக்கறைகளில் ஒருவரைக் காணலாம். முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தவர். எந்தப் பாகம் எந்த அலமாரியின் எந்தத் தட்டில் உள்ளது, எந்த வார்ப்பாலையின் சரக்கை இருமுறை அளந்து வாங்கவேண்டும், எந்தப் பம்பின் தண்டு வேறொரு பம்புக்கும் பொருந்தும் என்பன எல்லாம் அவருக்குத் தெரியும். புதிய அமைப்பின் திரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை இயக்க இளைஞர் ஒருவர் அமர்த்தப்படுவார். மூத்தவர், தம் அறிவு இனி வேண்டப்படவில்லை எனக் கருதி ஒதுங்கி நிற்பார். கேட்டால் மட்டும் சொல்வார். சில வேளைகளில் கேட்டாலும் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தம்மை வைத்துக்கொள்வார்களா என்னும் அச்சம் அவருக்கு இருப்பது இயல்பே. அவ்வச்சத்தை நீக்குவதாக நிர்வாகம் வெளிப்படையாக உறுதி தராதவரை, அவர் மனத்தில் உள்ளது திரைக்கு வந்து சேராது. பொருள்களின் பெயர்களைப் பணியாளர்கள் வழங்கும் சொல்லிலேயே, தமிழிலேயே, எண்ணுடன் சேர்த்து எழுதி ஒட்டிவைப்பது செலவில்லாத முதற்படி.

அமைப்பு இயங்கத் தொடங்குவதற்கு முந்தைய நாள், தொடக்க இருப்பை எண்ணும் நாள். அன்று எந்திரங்கள் நிறுத்தப்படும். சரக்கு உள்ளே வராது, வெளியே போகாது. இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் எண்ண ஒருவர் எழுத, பின் வேறு இருவர் அதையே மீண்டும் எண்ண, இரு எண்ணிக்கையும் பொருந்தினால் மட்டுமே அலமாரியில் அடையாளச்சீட்டு ஒட்டப்படும். அலமாரிகளை எண்ணி முடித்த பின்னரும் அப்பெரியவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் நிற்பார். பிறகு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இரு மரப்பெட்டிகளைக் காட்டி, அவற்றையும் எண்ணச் சொல்வார்.